பொழுதும் விரைவும்: ஜொகூர்த் தமிழர் வாழ்வை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

மலேசியத் தமிழ்ப் புனைகதையைப் பற்றிய நமது உரையாடல்களில் ஓர் எதிர்வு நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. தோட்டம் மெதுவான வாழ்வின் இடம் என்றும் நகரம் விரைவின் இடம் என்றும் கொள்வதே அது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் அமைதியை இழந்தனர் என்னும் முடிபும் இதன்வழியே பிறக்கின்றது. ஜொகூர் மாநிலத் தமிழரின் வாழ்வனுபவத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வெதிர்வு எத்துணைப் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் நிலம், பொழுது ஆகிய இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். ஆயினும் நாம் நிலத்தையே பெரிதும் நோக்குகின்றோம். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவல் தலைப்பிலேயே நிலத்தை முன்னிறுத்துகின்றது. அத்தகைய படைப்புகளைக் கற்பிக்கும்போது 'கதை எங்கே நிகழ்கின்றது?' எனத் தவறாமல் வினவுகின்றோம். 'எப்பொழுதில், யாருடைய கடிகாரப்படி நிகழ்கின்றது?' என வினவுவது அரிதாகவே உள்ளது.

தோட்டத்தின் பொழுது

இரப்பர் மரம் வைகறையில் மிகுதியாகப் பால் சுரக்கும். வெயில் ஏறுமுன் மரத்தினுள் அழுத்தம் மிக்கிருப்பதே அதற்குக் காரணம். ஆகவே தொழிலாளர்கள் இருளிலேயே எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, தத்தம் நிரைக்குச் சென்றனர். ஒருவர் ஒரு காலைப்பொழுதில் சில நூறு மரங்களை வெட்டவேண்டும். மரம் ஒன்றுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்திற்கும் குறைவு. உளி ஆழ இறங்கினால் பட்டை புண்படும். மேலாகச் சென்றால் பால் குறையும். இத்தகைய உழைப்பை மெதுவான வாழ்வு என்று கூறுவது எங்ஙனம் பொருந்தும்?

வெட்டு முடிந்தபின் மங்கில் பால் வடியும்வரை ஓர் இடைவெளி உண்டு. பசியாறலும் பேச்சும் அவ்விடைவெளிக்கு உரியவை. பிற்கால நினைவில் தோட்டம் அமைதியாகத் தோன்றுவதற்கு இவ்விடைவெளியே காரணம் எனலாம். ஆனால் அதனை அளித்தது மரமேயன்றி நிருவாகம் அன்று. மழை பெய்தால் வெட்டு நின்றது. அந்த ஓய்வு பல வேளைகளில் கூலி இழப்பாகவும் அமைந்தது.

ஆங்கிலேய வரலாற்றறிஞர் இ. பி. தாம்சன் 1967இல் வெளியிட்ட கட்டுரையில், வேலையின் இயல்பைப் பின்பற்றும் காலத்தையும் கடிகாரம் ஆளும் காலத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். ஆலைத்தொழில் வளர்ச்சியில் முன்னதன் இடத்தைப் பின்னது பற்றியது என்பது அவர்தம் கருத்து. நமது தோட்டமோ இரண்டையும் ஒருங்கே கொண்டிருந்தது. மரத்தின் பொழுதை நிருவாகத்தின் கடிகாரம் கணக்கிட்டது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரைமணி முன்னகர்த்தப்பட்டபோது இவ்விரண்டுக்கும் இடையிலான பிளவு வெளிப்பட்டது. கடிகாரம் நகர்ந்தது, விடியல் நகரவில்லை. பெரட்டு கடிகாரத்தைப் பின்பற்றினால் இருள் கூடும். ஞாயிற்றைப் பின்பற்றினால் பிள்ளைகளின் பள்ளி நேரத்தோடு முரண்படும்.

பாலத்தின் பொழுது

2006இல் இஸ்கந்தர் மேம்பாட்டுப் பகுதி உருவாக்கப்பட்டபின் தென் ஜொகூரின் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. அங்குக் குடியேறிய பலருக்குச் சிங்கப்பூரே பணியிடம். 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். எனினும் நாள்தோறும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கடக்கும் வழியாதலால், ஸ்கூடாயிலிருந்தும் மாசாயிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் செல்வோர் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். பால்வெட்டுக்கு எழுந்த அதே வைகறையில் இவர்களும் எழுகின்றனர். தலைமுறை மாறியும் சிறுபொழுது மாறவில்லை.

இவ்வாழ்வை 'விரைவு' என்று பெயரிடுவதிலும் இடர்ப்பாடு உண்டு. 2015 முதல் இயங்கும் தெப்ராவ் இரயில் நீரிணையை ஐந்து நிமிடங்களில் கடக்கின்றது. அனுபவமோ அவ்வைந்து நிமிடங்களில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் குடிநுழைவு வரிசையில் நிற்கும் நேரத்திலேயே உள்ளது. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகள் பெருகப் பெருக நேரப்பஞ்சமும் பெருகுகின்றது என்னும் செருமானிய அறிஞர் ஹார்ட்முட் ரோசாவின் கருத்து இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தோட்டத்தில் காத்திருப்பு கூட்டுக்குரியதாக இருந்தது. வரிசையிலோ ஆயிரவர் நடுவே ஒவ்வொருவரும் தம் தலைக்கவசத்தோடும் கடப்பிதழோடும் தனித்து நிற்கின்றனர்.

காத்திருத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். அதன் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. தலைவி ஆற்றியிருப்பதற்குத் தலைவன் குறித்துச் சென்ற பருவமே பற்றுக்கோடு. கார்காலம் இருவருக்கும் பொதுவானது. ஜொகூர்க் குடும்பங்கள் இழந்தது இத்தகைய பொதுப்பொழுதையே ஆகும். 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சிங்கப்பூரிலோ சனியும் ஞாயிறும். அக்கரையில் பணிபுரிந்த தந்தையின் ஞாயிறு பிள்ளைக்குப் பள்ளி நாள். பிள்ளையின் வெள்ளி தந்தைக்கு வேலை நாள். எஞ்சியது சனி ஒன்றே. 2025 ஜனவரி முதல் நாள் பழைய முறை மீண்டது. எனினும் ஒரு பிள்ளையின் தொடக்கப்பள்ளிக் காலம் முழுவதும் அப்பதினோராண்டினுள் அடங்கிவிடும்.

2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் பாலம் ஏறத்தாழ வெறிச்சோடியது. நில எல்லை முழுமையாகத் திறக்கப்பட்டது 2022 ஏப்ரல் முதல் நாளன்று. இடைக்காலத்தில் அக்கரையில் தங்கிப் பணிபுரிந்த பலர் மாதக்கணக்கில் வீடு திரும்ப இயலவில்லை. விரைவு நின்றபோது அமைதி வரவில்லை. குறித்த பருவம் இல்லாத பிரிவே வந்தது. வேகம் குறைந்தால் வாழ்வு நிறையும் என்னும் எளிய நம்பிக்கையை இவ்வனுபவம் மறுக்கின்றது.

முடிவுரை

வாழ்வனுபவத்தை உருவாக்குவது வேகத்தின் அளவு மட்டுமன்று. பொழுதை வகுப்பவர் யார், அப்பொழுதை நாம் யாரோடு பகிர்கின்றோம் என்பவையும் ஆகும். இவ்வளவுகோலைக் கொள்ளாவிடில் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. கூலிக்கணக்கின் கடுமைக்கு உட்பட்டிருந்த தோட்ட வாழ்வை அமைதியின் இலக்கணமாக்கி, உழைத்தவர்களின் களைப்பை மறைத்துவிடுகின்றோம். மேலும், பாலத்தில் கழியும் இன்றைய வாழ்வை வெறும் பரபரப்பு என ஒதுக்கி, அதற்குரிய இடத்தைப் புனைகதையில் அளிக்கத் தவறுகின்றோம். அவ்வாழ்வின் பரப்புக்கு ஏற்ற கவனத்தை நமது சிறுகதை இன்னும் வழங்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது.

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு இரயில் தடம் பயணநேரத்தை மேலும் சுருக்கும் நோக்குடையது. சுருங்கிய நேரம் வீட்டுக்குக் கிடைக்குமா, மிகைநேர வேலைக்குச் செல்லுமா என்பதைத் தண்டவாளம் முடிவு செய்யாது. இதனை உற்றுநோக்க வேண்டியவர்களில் தமிழாசிரியர்களும் அடங்குவர். அகத்திணை கற்பிக்கும் வகுப்பில், 'உங்கள் வீட்டில் அனைவரும் கூடியிருக்கும் சிறுபொழுது எது?' என மாணவரை எழுதச் செய்யலாம். சில ஏடுகளில் அவ்விடம் வெறுமையாகவே இருக்கக்கூடும். முதற்பொருளில் பொழுது ஏன் நிலத்தோடு ஒப்ப வைக்கப்பட்டது என்பதை விளக்குவதற்கு அவ்வெற்றிடத்தினும் சிறந்த உரை வேண்டியதில்லை.