உரத்த குரலுக்கு ஒரு மாதம்

ஆடி பிறந்தால் தாம்பரம், சேலையூர், பல்லாவரம் தெருக்களில் கூழ்ப்பானைக்கு முன்பே எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் வந்துவிடுகிறது. லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கத்தோலிக்கப் பெண் பாடத்தான் மாரியம்மன் வீதிக்கு வருகிறாள்.

இதை மத நல்லிணக்கம் என்று மெச்சுவோர் உண்டு. 'கிளப் டான்ஸ் பாடியவர் பக்திக்குத் திரும்பினார்' என்போரும் உண்டு. இந்தப் பாராட்டுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: முன்பு பாடியது பாவம், பின்பு பாடியது பரிகாரம்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது 'பாசமலர்' (1961). அதிலேயே அவர் மணப்பெண்ணுக்குப் பாடவில்லை. அவளை மணப்பந்தலுக்கு அழைக்கும் தோழிக்குப் பாடினார். பிறகு 'கருப்புப் பணம்' (1964) படத்தின் நடனப் பாட்டு, 'பணமா பாசமா' (1968) படத்தின் இலந்தைப்பழக்காரி. குடும்பப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பி. சுசீலா. ஈஸ்வரியின் குரலில் இருந்த கனமும் துடுக்கும் மனைவிக்கு ஆகாது என்று சினிமா முடிவுகட்டியிருந்தது.

இசைத்தட்டிலும் கேசட்டிலும் வந்த அம்மன் பாடல்களைக் கேளுங்கள். அந்தக் குரலை அவர் அடக்கவே இல்லை. அதே வீச்சு, அதே துடுக்கு. மாறியது நம் அனுமதி மட்டும்தான். ஆவேசம் அம்மனுடையது என்றால் கும்பிடுகிறோம். பெண்ணுடையது என்றால் அடங்காப்பிடாரி என்கிறோம்.

ஆடி முடிந்ததும் ஒலிபெருக்கியை இறக்கிவிடுகிறார்கள். அதே தெருவில், "பொம்பளப் புள்ள சத்தமாப் பேசாதே" என்பது மட்டும் பன்னிரண்டு மாதமும் கேட்கிறது.