பண்டாரவன்னியனும் கப்டன் டிறிபேர்க்கும்

சரித்திரத்தில் வாழ்ந்து மறைந்த இரு வீரர்களை மனக்களத்தில் எதிரெதிரே நிறுத்தி, அவரவர் கையில் அவரவர் ஆயுதத்தைக் கொடுத்து, வெல்பவன் இவனோ அவனோ என்று தர்க்கிப்பது சிறுபிள்ளை விளையாட்டாகத் தொடங்கினும், அதில் தோய்ந்தவர்களுக்குச் சங்கீத விமர்சனத்துக்கும் சிற்பப் பரீட்சைக்கும் இளைக்காத ஒரு கலையாகவே அது முதிர்கின்றது. மங்கோலியக் குதிரைவீரனை மறவன் வேல் தாங்குமோ, ரோமாபுரிக் கேடயத்தைச் சோழர் வில் துளைக்குமோ என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் இலங்கையின் வன்னியிற் பிறந்த எனக்கு இத்தகைய கற்பனைச் சோடிகளை வெகுதூரம் தேடிப்போக வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் மண்ணிலேயே நின்று, ஒருமுறையல்ல இருமுறை பொருதி, ஆளுக்கொரு வெற்றியோடு பிரிந்த சோடி ஒன்று எங்களுக்கு வாய்த்திருக்கின்றது.

1803 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் திகதி வன்னியின் சிற்றரசனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலே ஆங்கிலேயரின் காவலைத் தாக்க, அதற்குத் தலைவனாய் இருந்த கப்டன் வொன் டிறிபேர்க் இடத்தைக் கைவிட்டுக் கடல் வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் அதே டிறிபேர்க் அதே பண்டாரவன்னியனை முறியடித்தான். இரண்டுக்கும் இடையே 67 நாட்கள். அந்நாட்களுக்குள் எந்தப் பட்டறையிலும் புதிய ஆயுதம் பிறக்கவில்லை. தலைவர் இருவரும் மாறவில்லை. முடிவு மட்டும் தலைகீழாய்ப் புரண்டது. ஆயுதத்தின் உயர்வு தாழ்வைக் கொண்டே வெற்றி தோல்வியைத் தீர்ப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேறில்லை.

போரைப் பாவனையால் நிறுத்துப் பார்க்கும் வித்தையை மேனாட்டார் வெகுவாக வளர்த்திருக்கின்றனர். 1824 இல் றைஸ்விற்ஸ் என்னும் பிரஷ்ய இராணுவ அதிகாரி, நிலப்படத்தின் மேல் படைகளைக் காய்களாக நகர்த்தி, தாயக்கட்டையின் விழுக்காட்டைக் கொண்டு சேதத்தைக் கணித்து, நடுவர் ஒருவரை மத்தியஸ்தம் வைத்து ஆடும் போர்விளையாட்டைத் தம் சேனாபதிகளின் முன் ஆடிக் காட்டினார். அது வெறும் விளையாட்டல்ல, யுத்தக் கல்வியே என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் காலத்திலோ 2009 முதல் 2011 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘டெட்லியஸ்ட் வொரியர்’ என்னும் நிகழ்ச்சி, வெவ்வேறு தேசத்து, வெவ்வேறு யுகத்து வீரர்களைச் சோடி சேர்த்து, அவர்களது ஆயுதங்களைச் செயற்கை உடல்களின்மேல் வீசிப் பார்த்து, வெட்டின் ஆழத்தை அளந்து, அந்த அளவுகளைக் கணினிக்கு ஊட்டி, ஆயிரம் முறை பொருதவிட்டு வெற்றியாளனை அறிவித்தது. ஸ்பார்ட்டா வீரனுக்கும் ஜப்பானிய நிஞ்சாவுக்கும் நடந்த போட்டியில் ஸ்பார்ட்டா வீரனே வென்றதாகத் தீர்ப்பாயிற்று. தீர்ப்பு தவறென்று நான் சொல்லவில்லை. ஆயினும், இருளில் வந்து இருளில் மறைவதையே தொழிலாகக் கொண்டவனைப் பட்டப்பகலில் வெட்டவெளியில் நிறுத்திய கணமே போட்டி முடிந்துவிட்டதே! அதன்பின் கேடயத்தின் உறுதியை அளந்தென்ன, அளவாதிருந்தென்ன?

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாய் வைத்தாரே வள்ளுவர், அந்த வைப்பு முறையிலேயே இக்கலையின் இலக்கணம் அடங்கிக் கிடக்கின்றது. வலியை மட்டும் அளந்துவிட்டு எழுந்து போகிற நடுவன் மூன்றில் ஒரு பங்கு வேலையையே செய்தவனாவான். தொல்காப்பியர் இன்னும் நுட்பமாகச் சென்று, போரின் வகைகளை நிலத்தின் வகைகளோடு பொருத்தி, உழிஞையை மருதத்துக்கும் வஞ்சியை முல்லைக்கும் தும்பையை நெய்தலுக்கும் புறனாக வைத்தார். வேறெதையும் வேண்டாது வலிமையை நிறுவுதற்கென்றே இருவர் எதிர்நின்று பொருவது தும்பை; இரு வீரரை ஒப்பு நோக்கும் நம்முடைய ஆட்டத்துக்கு மூலபுருஷன் அந்தத் திணைதான் என்பேன். முல்லைத்தீவில் நடந்தது அரணை வளைத்த போராகையால் உழிஞையின் பாற்படும். காட்டுக்குள் படை நடத்திச்சென்று மாற்றானை அவன் நிலத்திலேயே மடக்கிய கற்சிலைமடு, முல்லை நிலத்துக்கு உரிய வஞ்சியேயாகும். மேடைகளில் நாம் கண்டு புளகாங்கிதம் அடையும் வாட்போர், அதாவது தும்பை, சரித்திரத்தில் இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்ததாய்த் தெரியவில்லை. அந்தக் குறையை நிரப்பவே கூத்துக் களரி இருக்கின்றது.

இனி ஆயுதங்களுக்கு வருவோம். டிறிபேர்க்கின் ஆட்கள் தாங்கிய துவக்கு, ‘பிரவுண் பெஸ்’ என்று ஆங்கிலேயர் செல்லப்பெயரிட்டழைத்த வகையைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். ஏறத்தாழ நாலரைக் கிலோ நிறையும் 19 மில்லிமீற்றர் குழல்வாயும் உடையது. நூறு யாருக்கு அப்பால் குறிவைத்துச் சுடுவதென்பது தெய்வச்செயல். அதை மனக்கண்ணால் காண்பது வன்னியாருக்குச் சிரமமன்று. சேனைப்பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கப் பரணில் இருந்தவர்கள் பிடித்த இடியன் துவக்கு அதற்கு ஒன்றுவிட்ட சகோதரன்தான். குழலின் வாயில் மருந்தைக் கொட்டி, தும்பை அடைத்து, நெடுங்கம்பியால் இடித்து இறுக்கி, சன்னத்தை இட்டு, மறுபடியும் தும்பு வைத்து, மறுபடியும் இடித்து, அப்புறம் தோளில் ஏற்றிப் பன்றியைத் தேடுகையில் அது அடுத்த காணியில் நிற்கும். நன்கு பயின்ற ஆங்கிலச் சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடுவான். எனவே ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே 20 விநாடி. இந்த 20 விநாடிதான் என் போன்ற ரசிகனுக்கு அமிர்தம். பாலையும் முதிரையும் வீரையும் செறிந்த எங்கள் காட்டிலே, பற்றைக்குள் மறைந்து நிற்பவனுக்கும் வெளியில் நிற்பவனுக்கும் இடைத்தூரம் அநேகமாய் ஐம்பது யாரைத் தாண்டாது. முதல் வெடி தீர்ந்ததும் எழுந்து பாய்கின்ற கால்வலியுள்ள வாலிபன், இரண்டாம் வெடிக்கு மருந்து இடிபடு முன்பே சிப்பாயின் மார்புக்கு நேரே வந்து நிற்பான்.

வந்து நின்றால் வாள் வென்றதா என்றால், அதுவும் இல்லை. துவக்கின் முனையில் சனியன் என்னும் ஈட்டிக்கத்தியை மாட்டிவிட்டால், அது ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள வேலாகிவிடுகிறது. மூன்றடி வாளோடு வருகிறவனுக்கு அந்த மேலதிக மூன்றடியும் யமலோகம். ஆனால் ஆறடி வேல் வெட்டவெளியில் தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசையில்தான் சிம்மம்; முட்பற்றைக்குள் திரும்பவும் வழியில்லாமல் கொடியில் சிக்கி நிற்கும்போது, குறுகிய வாளே அதற்கு எசமான். வெளியில் ஆங்கிலேயன், பற்றையில் வன்னியன் என்று இவ்வளவில் என் துலாக்கோல் சமன்பட்டு நிற்கின்றது. வன்னியாரிடமும் வாள், வேல், வில்லோடு துவக்குகளும் இருந்தனவாகையால், தட்டு அவர் பக்கமாக இன்னும் ஒரு குன்றிமணி தாழக்கூடும்.

அப்படியானால் கற்சிலைமடுவில் வன்னியன் தோற்றது எவ்வாறு? ஒக்டோபர் கடைசி ஐப்பசியின் நடுக்கூறு. வாடைக்காற்றோடு மாரி இறங்கும் பருவம். மழை பட்டால் துவக்கின் கிண்ணத்தில் இட்ட மருந்து நனைந்து, தீப்பொறி விழுந்தும் பற்றாது. நிலம் வன்னியனுடையது, பருவமும் வன்னியனுடையது. இரண்டையும் தன் பக்கம் வைத்திருந்தவனை வென்றவன் சாமானியனாக இருக்க முடியாது. அந்த வெற்றியின் வேரைத் தேடினால் அது இரு வேறு காலங்களின் வேறுபாட்டில் போய் முடிகின்றது. 1803 ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் ஆங்கிலப் படை கண்டியில் அழிந்தது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் கண்டியரசனின் படைகள் கரையோரக் காவல்களை நெருக்கின. ஆங்கிலேயன் எங்கும் சிதறி, எங்கும் தனியனாய் நின்றான். முல்லைத்தீவின்மேல் பண்டாரவன்னியன் பாய்ந்தது சரியாக அந்த வேளையில்தான். காலமறிதலுக்கு எங்கள் மண் கொடுத்த உதாரண புருஷன் என்று அவனை நான் கொண்டாடுவது இதனால். ஆனால் செப்ரெம்பரில் ஹங்வெல்லையில் கண்டிப்படை முறிந்து பின்வாங்கிற்று. அதன்பின் ஆங்கிலேயருக்கு மூச்சுவிட அவகாசம் கிடைத்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று திக்குகளிலிருந்தும் வன்னியின்மேல் படைகள் ஏவப்பட்டன. எதிர்பாராத வேளையில் டிறிபேர்க் கற்சிலைமடுவில் வந்து விழுந்தான். முதற்களத்தில் தன்னை வீழ்த்திய பாடத்தையே இரண்டாங் களத்தில் ஆசிரியனுக்குத் திருப்பி ஒப்புவித்த மாணாக்கன் அவன். முதல் ஆட்டம் வன்னியனுக்கு, இரண்டாவது டிறிபேர்க்குக்கு. இரண்டிலும் வென்றது வாளுமன்று, துவக்குமன்று, வேளை என்பது என் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பை எங்கள் ஊரில் சொன்னால் முகம் சுளிப்பவர் உண்டு. மேடை மரபிலே காக்கைவன்னியன் என்றொரு பாத்திரம் உண்டு. அவன் காட்டிக்கொடுத்தபடியால்தான் மாவீரன் வீழ்ந்தான் என்று திரை விழும். நாடகத்துக்குத் துரோகி அவசியம். சபை பல்லைக் கடிக்கவும் கண்ணீர் விடவும் அவன் உபகாரி என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் போரை எடை போடுகிறவனாக உட்காரும்போது, எல்லாத் தோல்வியையும் துரோகத்தின் தலையில் கட்டுவதை என் மனம் ஒப்புவதில்லை. அப்படிக் கட்டினால் டிறிபேர்க்கின் திறமை கணக்கில் வராமல் போவது ஒரு நஷ்டம். அதனிலும் பெரிய நஷ்டம், பண்டாரவன்னியனின் பெருமையே குறைந்து போவது. திறமையற்ற எதிரியை முல்லைத்தீவிலிருந்து துரத்தியதில் என்ன கீர்த்தி? 67 நாளில் மீண்டு வரக்கூடிய ஒரு வீரனைக் கடலுக்குள் ஓட்டினானே, அதிலல்லவா கீர்த்தி! கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட நினைவுக்கல், பண்டாரவன்னியனை வென்றதை நாளோடும் பெயரோடும் பொறித்திருந்தது. தோற்றவன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அவ்வெற்றியை அவர்கள் அரிதாக மதித்தார்கள். வவுனியாவில் வாளோடு நிற்கும் பண்டாரவன்னியன் சிலை நம்மவர் செய்த மரியாதை என்றால், அந்தக் கல் மாற்றார் செய்த மரியாதை; இரண்டாவதை நான் ஒருபடி மேலாகவே மதிக்கிறேன்.

களரியின் சண்டையை ரசிப்பதற்கும் இதே நியாயந்தான். முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்துக்கு முல்லைமோடி என்று தனிப்பாணியே சொல்லும் அளவுக்குக் கூத்தில் ஊறிய பிரதேசம் இது. பண்டாரவன்னியன் கதையும் நாடகாசிரியர் முல்லைமணி முதலானோர் கைபட்டு நாடகமாய்ப் பலகால் மேடையேறியது. ஒத்திகையொன்றில், மரவாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டிக் காயவைத்திருந்த முற்றத்திலே, தளபதி வேடத்துக்கு நின்ற பையன் வெட்டு விழுமுன்பே பின்னுக்குச் சாய்ந்துகொண்டிருந்தான். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, “வெட்டுறவன்ர கையைச் சனம் பாக்காது மோனை. வாங்கிறவன்ர நெஞ்சைத்தான் பாக்கும். நீ நிண்டு வாங்கினாத்தான் அவன் வீரன்” என்றார். பையன், “ஓம் அண்ணாவியார்” என்று காலை ஊன்றி நின்றான். மறுபடி தாளம் எழுந்தது, வாள் இறங்கியது, அவன் இம்முறை அரைத்தாளம் தாங்கி, தோளை மட்டும் இறக்கி, பார்வையை எதிராளியின் கண்ணிலிருந்து எடுக்காமலே முழந்தாளிட்டான். வன்னியனாய் நின்றவன் அதுவரை செய்த அதே வீச்சைத்தான் செய்தான். ஆனால் அவனுடைய வாள் அப்போதுதான் இரும்பாயிற்று. அங்கிருந்த பெரியவர்கள் தலையசைத்தது வென்றவனைப் பார்த்தல்ல.

2009 வரை மெய்யான யுத்தத்தையே அனுபவித்த சனங்களுக்கு இன்னும் பாவனைப் போர் எதற்கு என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. மெய்யான போரில் யாரும் யாருடைய திறமையையும் ரசிப்பதில்லை. ஓடுவதற்கே பொழுது போதாது. எதிரியின் வீரத்தையும் ஒரு கணம் நின்று மெச்சுவதற்கு இடந்தருவது களரி ஒன்றே. இழந்தவர்கள் இதைச் சுகமாகவே விளங்கிக்கொள்கிறார்கள். தர்க்கம் தேவைப்படுவது மற்றவர்களுக்குத்தான்.

ஆகவே, இனி இந்தக் கதையைக் களரிக்குக் கொண்டுவரும் அண்ணாவிமாரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. டிறிபேர்க்குக்கு இரண்டு வரிக் கொச்சைத் தமிழும் ஒரு தொப்பியும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை விட்டு, அவனுக்கும் ஒரு முழு வரவுப்பாட்டுக் கொடுங்கள். முல்லைத்தீவில் தோற்று வள்ளத்தில் ஏறும் காட்சியை மறைக்காமல் ஆடுங்கள். அலையில் ஆடும் வள்ளத்தில் நின்று அவன் கரையைத் திரும்பிப் பார்க்கும் இடத்தில், பழிவாங்கும் சினத்தைவிட எதிராளியைப் பற்றிய வியப்பே மேலோங்கும்படி ஒரு தரு இருக்கட்டும். வன்னியனுக்குக் கொடுக்கும் அதே தாளக்கட்டை அவனுக்கும் கொடுத்தால் இன்னும் விசேஷம். சபையிலுள்ள காதுகள் அதைக் கண்டுபிடித்துவிடும்.