மழைக்கு ஒதுங்கிய ரிக் வண்டியைப் பார்க்கும் முறை

ஜேடர்பாளையம் தடுப்பணைக்குக் கிளம்புகிறவர்கள் காவிரிக் குளியலையும் மீன் வறுவலையும் மட்டுமே கணக்கில் வைக்கிறார்கள். திருச்செங்கோடு வழியாக வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்கூட்டியே புறப்படலாம். மழை மாதங்களில் அந்த ஊரைச் சுற்றிய பட்டறைகளில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வந்து நிற்கும். அவை வேலைக்குப் போகும் வட மாநிலங்களில் ஜூனில் மழை பிடித்துவிட்டால் வயலுக்குள் வண்டி இறங்காது, போர் போடக் கூப்பிடவும் ஆளிருக்காது. ஊர் திரும்பிய வண்டிகளைப் பிரித்துப் போட்டு, போன சீசனில் பட்ட பாட்டுக்கெல்லாம் பரிகாரம் தேடுவார்கள்.

இங்கிலாந்தில் சொந்தக் கொட்டகையிலேயே ஸ்போர்ட்ஸ் கார் பூட்டி ஓட்டுகிற கூட்டம் ஒன்று உண்டு. 1957இல் வந்த காலின் சாப்மனின் லோட்டஸ் செவனை உதிரிபாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்தக் காலத்தில் முழுக் காருக்கான வரி இருந்ததில்லை. குளிர்காலம் வந்து சாலையில் உப்பைத் தூவினால் அந்தக் கார்கள் உள்ளே போய்விடும்; எஞ்சினும் பிரேக்கும் மாறுவது அப்போதுதான். நமக்கு அந்தப் பருவம் மழை. ரிக்கில் லாரி சேஸிஸ் ஒரு கம்பெனி, கம்ப்ரசர் ஒரு கம்பெனி, மற்றதெல்லாம் பட்டறைக் கை. அதனால் ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு ரிக்குகள்கூடப் பத்து வருடம் கழித்து ஒன்றுபோல இருப்பதில்லை.

பெயிண்டையும் சாமி பெயரையும் சீரியல் விளக்கையும் முதலில் மறந்துவிடுங்கள். (விளக்கு அதிகமாக இருக்கும் வண்டியில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.) பார்க்க வேண்டியது துளைக்குள் இறக்கும் ராடு. ஒரு ராடு பொதுவாக 20 அடி. ஐம்பது ராடு ஏற்றினால் 1,000 அடி. ராடு அடுக்கும் தாங்கியில் புதிதாக ஒரு வரிசை வெல்டிங் செய்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த முதலாளி போகிற ஊர்களில் தண்ணீர் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். இங்கேயும், காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ராஜவாய்க்கால் பாயும் பக்கம் வாழையும் கரும்பும் வெற்றிலையும் நிற்க, வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்தில் கருங்கல்லின் விரிசலைத் தேடித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். இந்த வண்டிகளின் வடிவமே அந்தப் பாறை கேட்டு வாங்கியது.

அடுத்தது காற்று. ரிக்கின் உயிர் ராடைத் தூக்கி நிறுத்தும் மாஸ்டில் இல்லை, கூடவே வருகிற கம்ப்ரசர் வண்டியில் இருக்கிறது. ராடுக்குள் இறங்கும் காற்று, துளையின் அடியில் இருக்கும் ஹேமரின் பிஸ்டனை நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல், பாறையை உடைக்கும் பிட்டின் தலையில் அடிக்க வைக்கிறது. வேலை முடித்த அதே காற்று கல்தூளை அள்ளிக்கொண்டு ராடுக்கும் துளைச் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக மேலே வர வேண்டும். இங்கேதான் இரண்டு பெரிய மாற்றங்களின் சூட்சுமம் இருக்கிறது. துளைக்குள் தண்ணீர் நிறைந்து நின்றால், 300 பி.எஸ்.ஐ. அழுத்தம் சுமார் 700 அடி நீரைத்தான் எதிர்த்துத் தள்ளும். அதற்குக் கீழே போக நினைப்பவர் அழுத்தம் கூடிய கம்ப்ரசரைத் தேடுவார். இரண்டாவது, ராடின் தடிமன். ஆறரை இன்ச் துளையில் மூன்றரை இன்ச் ராடுக்குப் பதில் நாலரை இன்ச் ராடு போட்டால் சந்து ஒடுங்குகிறது. அதே காற்று வேகமாக ஏறுகிறது, தூள் அடியில் தங்குவதில்லை. ராடின் எடை கூடுவதால் மாஸ்டும் தூக்கும் செயினும் அதைத் தாங்க வேண்டும். ஒன்றை மாற்றினால் மூன்றை மாற்ற வேண்டிவரும். அந்தத் தொடர்ச்சியைக் கண்ணால் பிடிப்பதில்தான் ருசி: புது ராடு, அதற்காகப் பருத்த செயின், அதற்காக மாஸ்டின் முதுகில் ஒட்டிய பட்டை.

பிட்டைக் கையில் வாங்கிப் பார்க்கக் கேளுங்கள். முகத்தில் பதித்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள் புதிதில் உருண்டையாக இருக்கும், தேய்ந்தால் தட்டையாகும். தட்டையானதைச் சாணை பிடித்து மறுபடி உருட்டியிருக்கிறார்களா என்பதில் அந்த டிரில்லரின் குணம் தெரியும். ஓரத்துப் பட்டன்கள் தேய்ந்த பிட் துளையைக் குறுக்கிக்கொண்டே போகும், அடுத்து வரும் புது பிட் வழியில் மாட்டிக்கொள்ளும்.

பிறகு குழாய்கள். கம்ப்ரசரிலிருந்து ரிக்குக்கு வரும் ஹோஸின் இரு முனையிலும் சங்கிலியோ கம்பியோ கட்டியிருக்க வேண்டும். கழன்றால் அது ஆளை அடித்துப் போட்டுவிடும். ஹைட்ராலிக் ஹோஸ்கள் ஒன்றோடொன்று உரசாமல், கிளிப் போட்டு, வளைவு நெரியாமல் ஓடுகிற வண்டி எனக்கு எந்தப் புது பெயிண்டையும் விட அழகு. ஜாக்கிகளின் பாதத்தைக் குனிந்து பார்த்தால், அகலமான தகடு ஒட்டிய வண்டி களிமண் நிலத்தில் ஒருமுறையாவது புதைந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ஆயுத பூஜையன்று போனால் சந்தனமும் மாலையும் மறைத்துவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பு, மூடிகள் கழன்று கிடக்கும்போது போங்கள். வண்டி என்ன விலை என்று கேட்டால் பேச்சு அதோடு நின்றுவிடும். போன சீசனில் எந்த ஊரில் ராடு சிக்கியது என்று டிரில்லரிடம் கேளுங்கள். உட்கார இடம் போட்டுத் தருவார், டீயும் வரும்.