கைமாறிய சவுக்கு

1965 பொங்கலுக்கு வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யை மகத்தான கலைப்படைப்பென்று வாதாட நாம் முன்வரவில்லை. முந்திய ஆண்டின் தெலுங்குப் படமான ‘ராமுடு பீமுடு’வைத் தழுவிய கதை அது. கோழை ஒருவன், வீரன் ஒருவன், இருவருக்கும் ஒரே முகம், இருவரும் எம்.ஜி.ஆர். ஆள்மாறாட்டத்தை நம்பியே கதை நகர்கிறது. தற்செயல்கள் வேண்டியபோதெல்லாம் வந்து உதவுகின்றன. கதாநாயகிகளுக்குக் காதலிப்பதைத் தவிர அதிக அலுவல் இல்லை. இவை குறைகளே. எனினும் சாணக்யாவின் இயக்கத்தில் சிரிப்பும் சண்டையும் ஒன்றையொன்று துரத்துகின்றன, படம் சலிப்பதில்லை.

கற்றோர் சிலர் இதனை மீண்டும் மீண்டும் பார்த்துவிட்டு வெளியே சொல்லக் கூசுகின்றனர். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களின் ரசிகர்களிடம் இந்தக் கூச்சம் இல்லை. எம்.ஜி.ஆர். நம் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்ற உரிமை ஒருபுறம். அதனினும் ஆழமான காரணம் வேறு.

அக்காள் கணவன் கஜேந்திரன், சொத்துக்குரிய ராமுவைச் சவுக்கால் அடிக்கிறான். பின்னர் ராமுவின் இடத்தில் நிற்கும் இளங்கோ அதே சவுக்கைப் பறித்து அவனையே விளாசுகிறான். நம்பியார் துடிக்கத் துடிக்கக் கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. பெரட்டுக்களத்தில் துரையின் முன் கைகட்டி நின்றவர்களின் மக்கள், கொழுந்தின் நிறை குறைந்ததற்காக ‘அரைப்பேர்’ போடப்பட்டவர்களின் மக்கள், இக்காட்சிக்குக் கைதட்டுவதில் வியப்பென்ன? அது பாமர ரசனையன்று. நீதி உடனே கிடைக்க வேண்டுமென்ற வேட்கை.

காலத்தையும் நினைக்க வேண்டும். படம் வெளிவருவதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30இல், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948இன் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டார்கள். அம்மக்களை யாரும் கேட்கவில்லை. எந்த வீட்டுப் பிள்ளைகள் என்றே தீர்மானமாகாதவர்களுக்கு, பிரிந்த இரட்டையர் தம் வீட்டில் ஒன்றுசேரும் கதை வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்குமா?

ஆனால் இப்படத்தின் மெய்யான குறை தற்செயல்களில் இல்லை. சவுக்கு கைமாறுகிறது; ஒழியவில்லை. வீட்டுக்கு நல்ல எஜமானன் வாய்த்ததும் கதை முடிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் வீரன் ஒருவனே விடுதலை தருகிறான். வேலைக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மலையகத்தின் வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையான கோவிந்தனுக்கு, திரையில் போல மாற்றாள் இல்லை. 1,000 ரூபா நாட்சம்பளமும் பல்லாண்டு கூட்டுக்குரலுக்குப் பின்னரே 2021இல் வர்த்தமானியில் ஏறிற்று. அதனையும் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தில் எதிர்த்தன.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, இப்படத்தை ரசிக்கும் மாணவனை ஏளனம் செய்யாதீர். அவனோடு அமர்ந்து சிரியுங்கள். சவுக்குக் காட்சிக்குக் கைதட்டுங்கள். விளக்குப் போட்டதும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இளங்கோ வராமற் போயிருந்தால் அந்த வீட்டு வேலைக்காரர்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அதற்கு மாணவன் சொல்லும் விடையில்தான் நமக்கு வேண்டிய விமர்சனம் தொடங்குகிறது.