பிற்பகலில் வீட்டில் இருந்தவள் யார்?

தூர்தர்ஷனைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகள் ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்தில் முடிகின்றன. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைப் படம், ஷோபனா ரவியின் திருத்தமான தமிழ், மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பும் அண்ணன், கீழேயிருந்து “வந்துடுச்சு, வந்துடுச்சு” என்று கத்தும் தங்கை. அந்த ஏக்கம் பொய்யல்ல. அதில் ஒரு நியாயமான ஒப்பீடும் இருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் அழிக்கத் திட்டமிடும் தனியார் தொடர்களை இருபது, முப்பது ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, பழைய அரசுத் தொலைக்காட்சி கண்ணியமாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் “அப்போது நாம் எல்லோரும் ஒன்றாகப் பார்த்தோம்” என்று சொல்லப்படும்போது, அந்த ‘நாம்’ யார் என்ற கேள்வி எனக்கு எழுகிறது. நான் சேலத்தில் வசிப்பவள். ஏற்காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். காப்பித் தோட்டங்களில் வேலை செய்த, இப்போதும் செய்கிற, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் அந்தக் காலத் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டால், ஏக்கம் வருவதில்லை. சிலருக்குச் சிரிப்பு வருகிறது. பலருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாமையிலிருந்து தூர்தர்ஷனின் வரலாற்றை வாசித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றின் பெரிய கட்டங்கள் தெரிந்தவைதான். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில், யுனெஸ்கோவின் உதவியுடன், சோதனை முயற்சியாக ஒளிபரப்பு தொடங்கியது. 1965இல் அது அன்றாட ஒளிபரப்பானது. ஐந்து நிமிடச் செய்தியும் வந்தது. அதன் முதல் வாசிப்பாளராக நினைவுகூரப்படுபவர் ஒரு பெண், பிரதிமா பூரி. 1967இல் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்காக ‘கிரிஷி தர்ஷன்’ வந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று, நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட இரண்டே மாதங்களுக்குள், தொடங்கப்பட்டது. 1976இல் தூர்தர்ஷன் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. 1982இல் இன்சாட் செயற்கைக்கோள், தேசிய நிகழ்ச்சி, ஆசிய விளையாட்டுப் போட்டி, வண்ண ஒளிபரப்பு எல்லாம் ஒரே ஆண்டில் வந்தன.

இந்த வளர்ச்சியைச் சொல்லும் நூல்கள் ஒளிபரப்பிகளின் எண்ணிக்கையையும் மக்கள்தொகையில் எத்தனை சதவீதத்தை அவை எட்டின என்பதையும் கணக்கிடுகின்றன. தரைவழி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலைமுகடு இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும். மேட்டிலிருக்கும் பங்களாவுக்குப் படம் தெரிந்தால், மடிப்புக்குள் ஒடுங்கியிருக்கும் குடியிருப்புக்குப் புள்ளிகள்தான் தெரியும். மேட்டில் யார் வீடு கட்டினார்கள், பள்ளத்தில் யார் குடியிருந்தார்கள் என்பது இயற்கையின் ஏற்பாடு அல்ல. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து நிலம் கைமாறிய வரலாறு அது.

பெட்டி வந்த ஊர்களிலும் கதை அவ்வளவு எளிதாக இல்லை. தமிழகக் கிராமங்கள் பலவற்றிலும் முதலில் வந்தது ஊராட்சியின் பொதுப் பெட்டி. அதைப் பூட்டி வைக்க ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு சாவி, சாவி ஓர் ஆணின் வீட்டில். மாலையில் அறை திறக்கப்படும் நேரத்தில்தான் மலைப்பெண்கள் தோட்டத்திலிருந்து திரும்புகிறார்கள். விறகு, தண்ணீர், உலை, பிள்ளைகள். எல்லாம் முடிந்து போனால் அறைக்குள் இடம் இருக்காது. வாசலில் நின்று பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். இரவில் ஆண்கள் கூடும் இடத்தில் வயசுப் பெண்களுக்கு என்ன வேலை என்று வீட்டில் தடுத்ததாகப் பலர் சொன்னார்கள். ஒரு பொது ஊடகம் பொதுவானது ஆவதற்கு அலை மட்டும் போதாது. நேரம் வேண்டும், உட்கார இடம் வேண்டும், திரும்பி வருகிற வழியில் பயமின்மை வேண்டும்.

திரையில் இருந்ததற்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி மக்களைத் தனித்தனிப் பெயர் சொல்லி அழைத்தது: விவசாயிகளுக்கு ‘வயலும் வாழ்வும்’, குழந்தைகளுக்கு ஒன்று, மகளிருக்கு ஒன்று. இந்தப் பகுப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘வயலும் வாழ்வும்’ பேசிய விவசாயி நிலத்துக்குச் சொந்தக்காரரான ஆண். உரம் வாங்கும் முடிவும் மருந்து தெளிக்கும் முடிவும் அவருடையவை. மகளிர் நிகழ்ச்சி பேசிய பெண், சமையலும் தையலும் குழந்தை வளர்ப்பும் தெரிந்துகொள்ள விரும்பும், வீட்டில் இருக்கும் பெண். அப்படியானால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இடுப்பில் பை கட்டிக் காப்பிப் பழம் பறித்து, மாலையில் எடை போட வரிசையில் நிற்கும் பெண் யார்? நிலம் இல்லாததால் அவள் விவசாயி இல்லை. வீட்டில் இல்லாததால் அவள் ‘மகளிர்’ இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ‘வயலும் வாழ்வும்’ நகரத்து வீடுகளில் கேலிக்குரிய நிகழ்ச்சியாக இருந்தது. அது வந்தால் எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பார்கள். ஆனால் நான் பார்த்த வரையில், தமிழ்த் திரைகளில் வேலை செய்யும் பெண்ணுடல் அலங்காரமின்றித் தொடர்ந்து தெரிந்த இடம் அதுதான். வேளாண் அலுவலர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருப்பார். பின்னால் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள், களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்காது, குரல் இருக்காது, கூலி பற்றிய பேச்சும் இருக்காது. நாம் சலிப்பு என்று தள்ளிய நிகழ்ச்சியில்தான் அவர்கள் இருந்தார்கள். அங்கேயும் பின்புலமாகவே இருந்தார்கள்.

தேசிய நிகழ்ச்சி இந்தப் பெண்ணிடமிருந்து இன்னும் தூரம் போனது. 1984இல் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரின் தலைப்புக்கே ‘நாம்’ என்றுதான் பொருள். மெக்சிகோவில் மிகெல் சபீதோ உருவாக்கிய சமூகக் கல்வித் தொடர்களின் மாதிரியில், குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் பேசும் நோக்கத்துடன் அது திட்டமிடப்பட்டது. விளம்பர ஆதரவு மேகி நூடுல்ஸுடையது. வளர்ச்சிக்காக உருவான ஒரு தொடர், இரண்டு நிமிடத்தில் சிற்றுண்டி செய்யத் துடிக்கும் நடுத்தர வர்க்கத் தாயை நோக்கித் திரும்பியதற்கு இதைவிடத் துலக்கமான சான்று தேவையில்லை. அதில் வரும் பகவந்தி, எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் மனைவி. அப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காகப் படைக்கப்பட்டவள். ஆனால் பார்வையாளர்களில் பலர் அவளையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள் என்று அத்தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் காட்டினார்கள். தியாகத்தைப் போற்றும் சமூகத்தில் தியாகத்தைக் காட்டினாலே போதும், அது போற்றலாகிவிடும்.

தூர்தர்ஷனில் மாற்றுக் குரல்கள் இல்லாமல் இல்லை. 1985இல் ‘ரஜனி’யாக வந்த பிரியா டெண்டுல்கர் அலுவலக மேசைகளைத் தட்டிக் கேள்வி கேட்டார். 1989இல் கவிதா சௌத்ரி தானே எழுதி, இயக்கி, நடித்த ‘உடான்’, காவல் அதிகாரியாகும் பெண்ணின் கதை. 1994இல் ‘சாந்தி’ என்ற பிற்பகல் தொடரில் ஒரு பெண் பத்திரிகையாளர் தன் தாய்க்கு நேர்ந்த வன்கொடுமைக்குக் கணக்குக் கேட்டாள். இவை எளிதில் ஒதுக்கக்கூடியவை அல்ல. ஆயினும் இவை இந்தியில் இருந்தன. இவற்றின் நாயகிகள் படித்த நகரத்துப் பெண்கள். அந்தப் பிற்பகல், வீட்டு வேலை முடித்துச் சற்றுச் சாயும் பெண்ணின் பிற்பகல். சேர்வராயன் மலையில் பிற்பகல் என்பது பாதி நிரம்பிய சாக்கு.

இந்தக் குறையை அன்று யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. தூர்தர்ஷனின் நிகழ்ச்சிகளை ஆராய அமைக்கப்பட்ட பி.சி. ஜோஷி குழுவின் அறிக்கை 1985இல் வெளியிடப்பட்டது. பெண்களைத் தனி மகளிர் நிகழ்ச்சிக்குள் அடைத்துவிடாமல், எல்லா நிகழ்ச்சிகளிலும் பெண் பரிமாணம் இருக்க வேண்டும் என்றது அது. 1990இல் பிரபா கிருஷ்ணனும் அனிதா திகேயும் எழுதிய நூல், தூர்தர்ஷன் திரையில் பெண்மை எவ்வாறு அடக்கத்தாலும் தியாகத்தாலும் வனையப்படுகிறது என்று விரிவாகக் காட்டியது. மாற்று வழிக்கு முன்மாதிரியும் இருந்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பீஜ் என்ற ஊரிலிருந்த சிறு ஒளிபரப்பியைக் கொண்டு 1975 முதல் விண்வெளி ஆய்வு மையத்தினர் நடத்திய திட்டம், கூலியையும் தீண்டாமையையும் உள்ளூர் மக்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேச்சுமொழியிலேயே பேசியது. 1984இல் யுனெஸ்கோவின் பரிசும் பெற்றது. அது நாடு முழுவதற்குமான விதியாகவில்லை, விதிவிலக்காகவே முடிந்தது. தேசத்தை ஒரே நேரத்தில் ஒரே திரையின் முன் உட்கார வைக்கும் ஆசை, அந்தந்த ஊரின் திரையை அந்தந்த ஊருக்குத் தரும் யோசனையை வென்றுவிட்டது.

சேர்வராயன் மலை திரையில் வரவே இல்லையா? நிறைய வந்திருக்கிறது. மலையடிவாரத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1930களிலிருந்து இயங்கியது. கேமராவுக்கு இந்த மலை புதிதல்ல. பாடல் காட்சிகளில் ஏரி வந்தது, பனி வந்தது, கொண்டை ஊசி வளைவு வந்தது. கோடை விழாவுக்கு ஆண்டுதோறும் செய்திக் கேமராக்கள் வருகின்றன. மலர்க் கண்காட்சியைக் காட்டிவிட்டு இறங்கிவிடுகின்றன. மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தெரிந்தால், சேர்வராயன் கோயில் திருவிழாவின் வண்ணமாகத் தெரிவார்கள். (மலையாளி என்றால் கேரளத்தவர் என்று நினைக்கும் மாணவர்களுக்கு: மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள் சொல்லப்படும், தமிழ் பேசும் பழங்குடியினர் இவர்கள்.) சாமை விதைப்பதும், எடைத் தட்டில் குறைவதும், சாதிச் சான்றிதழுக்கு அலைவதும், பிரசவத்துக்கு இறங்குவதும் காட்சியாகவில்லை.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. தமிழ்ப் பார்வையாளர்கள் பெருமளவில் அந்தப் பக்கம் போனார்கள். பொதிகை என்ற பெயர் வந்தது. 2024 ஜனவரியில் அது டிடி தமிழ் ஆனது. 2004 டிசம்பரில் கட்டணமில்லா டிடிஎச் சேவை தொடங்கியது. 2006க்குப் பிறகு மாநில அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வீடுதோறும் வந்தது. தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவை 2022க்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. வானத்தை நோக்கிய சிறு குடைக்கு மலையின் நிழல் பெரிய தடையில்லை. சாவிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அலையின் நிழல் நீங்கியபோது, அந்த அலையில் அவளுக்கென்று ஏதும் இருக்கவில்லை என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இப்போது அவள் இரவில் தனியார் தொடர் பார்க்கிறாள். அதை ரசனைக் குறைவு என்று நாம் சொன்னால், அது நம்முடைய ஆணவம்.

அப்படியென்றால் தூர்தர்ஷன் போகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் நிலைப்பாடு. அதற்குக் காரணம் ஏக்கம் அல்ல, சட்டம். 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டத்தின் 12ஆவது பிரிவை மாணவிகள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒளிபரப்பின் நோக்கங்களாக அது எண்ணிச் சொல்பவற்றில் பெண்களின் நிலையும் சிக்கல்களும் உண்டு; உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகள் உண்டு; பின்தங்கிய, எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளில் வாழ்வோர் உண்டு; பழங்குடியினரின் தனித் தேவைகள் உண்டு. காப்பிப் பழம் பறிக்கும் மலையாளிப் பெண், சட்டத்தின் ஒரே பிரிவில் நான்கு முறை அழைக்கப்படுகிறாள். நிகழ்ச்சி நிரலில் அவளுக்கு ஒரு மணி நேரம் இல்லை. எந்தத் தனியார் அலைவரிசையின் மீதும் இந்தச் சட்டத்தைச் சுட்டி நாம் கேள்வி கேட்க முடியாது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தில் பங்கு கேட்பது சலுகை கேட்பதல்ல.

பங்கு கேட்பது என்றால், மாதம் ஒரு ‘பழங்குடி மகளிர் சிறப்பு நிகழ்ச்சி’ கேட்பது என்று பொருள் அல்ல. மேதக் பகுதியின் மச்சனூரில் 2008 முதல் தலித் பெண்கள் சங்கம் ரேடியோவை நடத்துகிறார்கள். அவர்கள் தங்கள் வேலைநேரத்தையும் விதைகளையும் பேச்சுமொழியையும் வைத்தே நிகழ்ச்சியை அமைத்தார்கள். கருவி அவர்கள் கையில் இருந்ததால் அது முடிந்தது. டிடி தமிழிடம் நாம் கேட்க வேண்டியதும் அதுதான்: மலைப்பெண்ணைப் படம் பிடிக்க ஒரு கேமராவை மேலே அனுப்புவதோடு நில்லாமல், எதை, எப்போது, எந்த மொழியில் ஒளிபரப்புவது என்று முடிவெடுக்கும் மேசையில் அவளுக்கு ஒரு நாற்காலி.

தொலைக்காட்சி வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவிகளிடம் நான் ஒன்று சொல்வேன். எத்தனை பேரை எட்டியது என்ற எண்ணிலிருந்து தொடங்காதீர்கள். அந்த நேரத்தில் ஒரு பெண் எங்கே இருந்தாள், என்ன வேலையில் இருந்தாள், பார்க்க அவளுக்கு யாருடைய அனுமதி வேண்டியிருந்தது என்று கேளுங்கள். எட்டியதாகக் கணக்கில் எழுதப்பட்ட இடங்களில் எத்தனை பெண்கள் எட்டப்படவே இல்லை என்பது அப்போது தெரியவரும். அவர்களும் சேர்ந்த பிறகுதான் ‘நாம் எல்லோரும் பார்த்தோம்’ என்று எழுதும் உரிமை நமக்கு வரும்.