நோக்கு வர்மமும் எங்கள் பேருந்து நிறுத்தமும்

2011 தீபாவளிக்கு ‘7ஆம் அறிவு’ வெளியானபோது நான் பாடாலூரில் பள்ளி மாணவி. படம் பார்த்த பையன்கள் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையோரப் பேருந்து நிறுத்தத்தில் ‘நோக்கு வர்மம்’ பழகத் தொடங்கினார்கள். கண் இமைக்காமல் எங்களைப் பார்ப்பார்கள். தலை குனிந்தவள் வர்மத்தில் விழுந்துவிட்டாள் என்று அர்த்தம். நாங்கள் எல்லோரும் குனிந்தோம். வித்தை பலித்ததென்றே அவர்கள் நம்பினார்கள்.

வர்மம் கற்பனையல்ல. கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் அதை அடிமுறையாகவும் வைத்தியமாகவும் கற்பிக்கிறார்கள். உடம்பைத் தொட்டுப் பல வருடம் பழக வேண்டிய கலை அது. ஒரே பார்வையில் வழிப்போக்கரைக் கொலையாளியாக்கும் டோங் லீயின் வித்தை ஏ.ஆர். முருகதாஸின் திரையில்தான் நடக்கும்.

அந்தத் திரையில் ஆராய்ச்சி செய்பவள் சுபா. போதிதர்மரின் மரபணுவைத் தொடர்ந்து அரவிந்தைக் கண்டுபிடிப்பவளும் அவளே. ஆனால் கலை விழிப்பது அவன் உடம்பில். பயிற்சியால் வருவதென்றால் சுபாவும் கற்றிருக்கலாம். ரத்தத்தில் வருவதென்று கதை சொன்னதும், அவள் வேலை அவனை எழுப்பிவிடுவதோடு முடிகிறது.

எங்களைக் குனியவைத்தது எது? “நீ ஏன் பார்த்த?” என்று வீட்டில் கேட்பார்களே, படிப்பை நிறுத்திவிடுவார்களே என்ற பயம். ஒருநாள் என் தோழி குனியாமல் நின்றாள். பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: “என்னடி முறைக்கிற?”

அவன் பார்த்தால் வர்மம். அவள் பார்த்தால் திமிர்.