ஜெய் பீம்: நல்ல ஐ.ஜி. வராமல் போயிருந்தால்?

'ஜெய் பீம்' (2021) படத்தின் முதல் காட்சியைப் பற்றி நிறைய பேர் எழுதிட்டாங்க. சிறை வாசலில், விடுதலையாகி வருபவர்களிடம் சாதி கேட்கிறார்கள். சிலரை வீட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். இருளர், குறவர் மாதிரியான சமூகத்தவரை ஓரமாக நிறுத்தி, நிலுவை வழக்குகளுக்கு ஆள் தேடி வந்திருக்கும் போலீஸிடம் ஒப்படைக்கிறார்கள். த.செ.ஞானவேல் எடுத்ததிலேயே ஆகச் சிறந்த காட்சி இதுதான் என்பேன். பாரபட்சம் என்பது யாரோ ஒரு இன்ஸ்பெக்டரின் கெட்ட குணம் இல்லை, கணக்கை முடிக்கிற வேலைமுறை என்று வசனமே இல்லாமல் புரியவைக்கிறது.

என் சிக்கல் இதற்குப் பிறகுதான். நோய் அமைப்பில் இருக்கிறது என்று காட்டிய படம், மருந்தைத் தனிமனிதரிடம் தேடுகிறது. விசாரணைக்கு நீதிமன்றம் ஐ.ஜி. பெருமாள்சாமியை நியமிக்கிறது. முதலில் தன் துறைக்காகப் பேசுகிறவர், பாதிக்கப்பட்ட ஜனங்க சொல்றதை நேரில் கேட்டு மனம் மாறுகிறார். பிரகாஷ்ராஜ் நல்லாவே செஞ்சிருக்கார். ஆனா அவர் மாறாமல் இருந்திருந்தா செங்கேணி யாரிடம் போவாள்? படம் இதைக் கேட்கவே இல்லை. '1993-இல் நடந்த உண்மை வழக்கு, மாற்ற முடியுமா' என்று சிலர் சொல்வார்கள். குறவர் குடும்பத்துக்கு நடந்ததை இருளர் கதையாக மாற்றிய படத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

இந்தக் கேள்வி சினிமாவோடு முடிகிறதும் இல்லை. பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த சட்டத்தில் மாநில அளவில் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.க்குக் கீழே வேலை செய்கிறவர் மேல் புகார் சொல்லணும்னா, அந்த எஸ்.பி.யும் எதிரே உட்கார்ந்திருப்பார். யாருக்கு வாய் வரும்? பெருமாள்சாமி கிடைத்தால் நம்ம அதிர்ஷ்டம் என்பதைத்தான் சட்டமாகவே எழுதி வெச்சிருக்கோம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பிறகு இறந்தார்கள். நீதித்துறை நடுவர் ஒருவர் அந்த நிலையத்துக்குள் போய் விசாரித்தார். நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. அன்று இரவு நடந்ததை நடுவரிடம் சொன்னவர் அங்கேயே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவரும் போலீஸ்தான். ஆனால் அவர் பேசுவதற்கு வெளியிலிருந்து ஓர் அதிகாரம் உள்ளே வரவேண்டியிருந்தது.

மக்கள் மட்டும் இல்லை, நேர்மையான போலீஸ்காரரும் நம்பிப் பேச ஸ்டேஷனுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். அது இல்லாமல் 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று சுவரில் எழுதி என்ன பிரயோஜனம்?

அடுத்த தடவை படம் பார்க்கும்போது ஐ.ஜி. வருகிற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவரை எடுத்துட்டு, உங்க ஊர் ஸ்டேஷன் அதிகாரி ஒருத்தரை அங்கே நிற்க வெச்சுப் பாருங்க. மீதிக் கதை என்னவாகும்?